பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் போட்ட படம்

அடுத்தவர் வீட்டு டிவியில் என்ன ஓடவேண்டும் என்று முடிவு செய்வதற்கென்றே பிறந்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அது நான். ஒரு நல்ல படத்தைப் பார்த்தோமா, நாமே அழுதோமா, மூக்கைத் துடைத்துக்கொண்டு தூங்கப் போனோமா என்று இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் எங்களால் அது முடியாது. பார்த்த படத்தை யார் தலையிலாவது கட்டினால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

எனக்கு இந்த வியாதி பிடித்தது ஜொகூர் பாலத்தில். மலேசியப் பக்கம் தம்போயிலிருந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். பாலத்தில் பேருந்து நிற்கிற நேரத்துக்கு ஒருவர் தபால் வழியில் பட்டமே வாங்கிவிடலாம். நான் கைபேசியில் படம் பார்த்தேன். முதலில் தமிழ்ப் படங்கள். அவை தீர்ந்ததும் கொரியப் படங்கள். அவையும் தீர்ந்ததும், வரைபடத்தில் விரல் வைத்துத் தேடவேண்டிய நாடுகளின் படங்கள். ஒரு கிழவர் ஆப்பிள் உரிப்பார், உரித்துக்கொண்டே இருப்பார். பேருந்தும் நகராது, படமும் நகராது. எங்களுக்குள் நல்ல ஒற்றுமை.

பார்த்ததோடு விட்டேனா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமை தோறும் சிபாரிசு எழுத ஆரம்பித்தேன். 'வீட்டில் இருந்தபடியே பார்க்க ஓர் உலகத் திரைப்படம்' என்று தலைப்பு வேறு. 'ஒளிப்பதிவில் ஓர் ஆழ்ந்த மௌனம் இருக்கிறது' என்று எழுதியிருக்கிறேன். (ஒளிப்பதிவுல பின்னே சத்தமாங்க இருக்கும்?) என் பேச்சைக் கேட்டு ஒரு படத்தைப் பார்த்த சித்தப்பா இப்படிப் பதில் போட்டார்: "வைஃபை போயிடுச்சுன்னு நெனச்சு ரெண்டு தடவ பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்மா. அப்புறந்தான் தெரிஞ்சது, படமே அப்படித்தானாம்." ரசனை கெட்ட குடும்பத்தில் வந்து பிறந்துவிட்டோமே என்று நான் உண்மையிலேயே வருத்தப்பட்டேன். அவ்வளவு திமிர்.

அதே பேருந்தில் வந்தவர்தான் சுரேன். உலு திராமைச் சேர்ந்தவர், சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என் கைபேசியை எட்டிப் பார்த்து, "இந்தத் தாத்தா எப்பங்க அந்த ஆப்பிளைத் தின்பாரு?" என்று கேட்டதில் தொடங்கியது எங்கள் பழக்கம். கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் முடிவெடுத்தபோது என் வீட்டில் தடையில்லை. அவர் வீட்டில் அப்பா வாய் திறந்து பேசாதவர், அதனால் அங்கேயும் தடையில்லை. எல்லாம் அவருடைய அம்மா கையில் இருந்தது.

"அம்மாவுக்குப் படிப்பு, நிறம், நகை எதுவும் முக்கியமில்ல தர்ஷினி. சகுனந்தான்," என்றார் சுரேன். "அண்ணனுக்குப் பொண்ணு பார்க்கப் போன எடத்துல கரண்ட் போயிடுச்சு. அவ்ளோதான். காப்பியக்கூடக் குடிக்காம எழுந்து வந்துட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, அண்ணன் வேற பொண்ணக் கட்டிக்கிட்டாரு."

எனக்கு வேறு சுரேன் கிடையாது என்பதால், அவர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு நாங்கள் போருக்குப் போவதுபோல் தயாரானோம். அப்பா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு வயரிங் முழுவதையும் சோதித்தார். அம்மா கறுப்புக் குடை, கறுப்புப் பை, கறுப்புப் பூனை படம் போட்ட என் தேநீர்க் குவளை எல்லாவற்றையும் அறைக்குள் போட்டுப் பூட்டினார். குத்துவிளக்கைத் துலக்கி, பூச்சூடி, ஹாலில் வைத்தார். எங்கள் வீடு தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், இருக்கும் சாதாரண வரிசை வீடு. ஹாலில் சோபா போட்டது போக மிச்சமிருந்த இடம் டிவிக்கு முன்னால்தான். விளக்கு அங்கே வந்தது. அப்பா காற்பந்துக்காக வாங்கிய டிவி அது, கிட்டத்தட்ட சுவர் முழுவதும் இருக்கும்.

மூன்று மணிக்கு வந்தார்கள். சுரேனின் அம்மா வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். எரிகிற விளக்கைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கொண்டு வந்த பூ, பழம், வெற்றிலைத் தட்டை விளக்கின் முன்னால் வைத்தார். நான் பட்டுச்சேலையில் போய்க் கும்பிட்டேன். "நல்லாயிரும்மா," என்றார். சுரேன் எனக்கு மட்டும் தெரியும்படி கட்டைவிரலை உயர்த்தினார். அதோடு என் நல்ல நேரம் முடிந்தது.

பேச்சைத் தொடங்க என் தாய்மாமன் வரவேண்டும். அவர் செடெனாக்கிலிருந்து வருகிறார். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அவர் போன் செய்து, "ரோட்டுல தண்ணி நிக்குது, காடிய ஓரமாப் போட்டிருக்கேன். நான் வராம பேச ஆரம்பிச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டார். தாய்மாமன் இல்லாமல் எப்படிப் பேசுவது? ஆகவே எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கேசரி முடிந்தது. கறிபாப் முடிந்தது. மழையைப் பற்றிப் பேசவேண்டியதும் முடிந்தது. அப்போதுதான் வாய் திறக்காதவர் என்று பெயரெடுத்த சுரேனின் அப்பா வாய் திறந்தார்.

"நீதான் படத்தப் பத்தியெல்லாம் எழுதுவியாமேம்மா? சுரேன் சொன்னான். சும்மாதானே இருக்கோம், நல்லதா ஒண்ணு போடேன்."

வேறு யாராக இருந்தாலும் பழைய நகைச்சுவைப் படம் ஒன்றைப் போட்டுத் தப்பித்திருப்பார்கள். எனக்கோ, வாழ்நாள் முழுவதும் காத்திருந்த அழைப்பு அது. என்னிடமே கேட்கிறார்கள்! ரிமோட்டைக் கையில் எடுத்து, மனதுக்குள் வடிகட்ட ஆரம்பித்தேன். முத்தம் வரும் படம் வேண்டாம். குடி வேண்டாம். ரத்தம் வேண்டாம். மாட்டிறைச்சி சமைக்கிற காட்சிகூட வேண்டாம். எல்லாவற்றையும் தள்ளியபின் கையில் நின்றது ஒரே ஒரு படம். ஒரு மலைநாட்டுப் படம். (பேரு சொல்லமாட்டேன். சொன்னா நீங்களும் தேடிப் பார்த்துட்டு என்னையத்தான் திட்டுவீங்க.) பிரிந்து கிடந்த பிள்ளைகள் எல்லாரும் பெற்றவர் வீட்டில் ஒன்றுகூடும் கதை. 'உறவுகளின் கதகதப்பு' என்று நானே குழுவில் எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகள் எதற்காக ஒன்றுகூடுகிறார்கள் என்பது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. எங்களைப் போன்ற அறிவாளிகளின் கண்ணுக்குக் கதகதப்பு தெரியும், காரணம் தெரியாது.

படம் தொடங்கியது. பனிமலை. பெரிய மரவீடு. மூத்த மகன் மனைவி மக்களோடு வந்து இறங்குகிறான். பின்னாலேயே மகள்கள்.

"கூட்டுக் குடும்பமா? பார்க்கவே நல்லாருக்கு," என்றார் சுரேனின் அம்மா.

"ஆமாங்க ஆன்ட்டி. ரெண்டாவது மகன் மட்டும் வெளிநாட்டுல இருக்கான். அவன் வருவானா மாட்டானாங்கிறதுதான் கதை."

"ஏன் எல்லாரும் கறுப்பாவே உடுத்தியிருக்காங்க?"

அப்போதுதான் எனக்கு அந்தக் காரணம் நினைவுக்கு வந்தது. ரிமோட்டைத் தேடினேன். அதற்குள் கேமரா வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. கூடத்தின் நடுவில் ஒரு கட்டில். கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திய ஒரு பெரியவர். கேமரா அங்கே போய் நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றது. உலகப் படங்களில் கேமரா அநாவசியமாக நகராது என்று எத்தனை முறை பெருமையாக எழுதியிருப்பேன்!

அப்பாவின் காற்பந்து டிவியில் அந்தப் பெரியவர் ஆள் உயரத்துக்குப் படுத்திருந்தார். அவர் தலைமாட்டுக்கு நேரே, எங்கள் குத்துவிளக்கு சுடர்விட்டு எரிந்துகொண்டிருந்தது. விளக்கின் முன்னால் பூ, பழம், வெற்றிலை. எழவு வீட்டுக்குத் தேவையான எல்லாமே, யாரோ அளந்து வைத்ததுபோல் அமைந்துவிட்டது. அம்மாவின் தொண்டையிலிருந்து இதுவரை நான் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது.

"இது... வேற படம் போடுறேன் ஆன்ட்டி," என்று ரிமோட்டை நீட்டினேன்.

"நிறுத்தாதம்மா," என்றார் சுரேனின் அப்பா. அன்று அவர் பேசிய இரண்டாவது பேச்சு. கண்ணை டிவியிலிருந்து எடுக்கவே இல்லை. "கண்ணாடி காடியில இருக்கு, எழுத்துத் தெரியல. என்ன சொல்றாங்கன்னு படிச்சு சொல்லு."

வருங்கால மாமனார் முதன்முதலாக ஒன்று கேட்கிறார். மறுக்க முடியுமா? கீழே ஓடிய ஆங்கில வரிகளைத் தமிழாக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். திரையில் மூத்த மகள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓலமிட்டாள். டிவியோடு அப்பா வாங்கிய ஒலிபெருக்கி சன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. என் குரல் அவருக்குக் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லும்மா!"

"அப்பா!" என்று கத்தினேன். "எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்களேப்பா! இனிமே இந்த வீட்டுக்கு யாருப்பா இருக்கா!"

சோபாவிலிருந்த என் அப்பா திடுக்கிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் இங்கதான்டி இருக்கேன்," என்றார்.

அந்த நேரத்தில் வாசல் கேட் ஆடியது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ஸைத்தோன், குடையோடு நனைந்துகொண்டு நின்றிருந்தார். எங்கள் வீட்டு வாசலில் நிறைய செருப்பு, உள்ளே ஓலம், போதாததற்கு நான் 'அப்பா அப்பா' என்று கதறுகிற சத்தம். இத்தனை வருடம் எங்களோடு பழகியவருக்கு அந்த ஒரு தமிழ்ச் சொல் தெரியாதா? கண்ணெல்லாம் கலங்கி, "தக்ஸியா, டிக்" என்று துக்கம் விசாரித்து, கேட்டைத் திறக்கப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னவோ ஏதோ என்று அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். அவரைப் பார்த்ததும் காக் ஸைத்தோன் குடையைக் கீழே போட்டுவிட்டார்.

"அலமாக்! அங்கிள் ஹிடுப் லாகி!"

அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார் என்ற அந்தச் செய்தி மலாயில், மழைச் சத்தத்தையும் மீறி, தாமான் முழுக்கக் கேட்டது.

தாய்மாமனும் அதே நேரத்தில் போன் செய்தார். தண்ணீர் வடியவில்லை, வீட்டுக்கே திரும்புகிறேன் என்றார். சுரேனின் அம்மா எழுந்தார். குனிந்து தட்டைக் கையில் எடுத்தார். பூவும் பழமும் வெற்றிலையும் வைத்தது வைத்தபடி இருந்தன. எங்கள் யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனார். பின்னாலேயே சுரேன். கடைசியாகச் சுரேனின் அப்பா டிவியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். காடி கிளம்பிவிட்டது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பாத்தியாடி? 'போயிட்டு வர்றோம்'னு சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல. எழவு வீட்டுலேருந்து போற மாதிரி போறாங்க!"

எனக்கும் அது உறைத்தது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் யாரும் வருகிறேன் என்று சொல்வதில்லை. மற்ற எந்த வீட்டிலும், பகையாளி வீட்டில்கூட, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போவோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிவியில் அந்தப் பெரியவர் இன்னும் படுத்திருந்தார். அவரை நிறுத்திவிட்டு உண்மையாகவே ஓலமிட்டு அழுதேன். இந்த முறை அக்கம்பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை.

அந்த வாரம் பேருந்தில் நான் எந்தப் படமும் பார்க்கவில்லை. சுரேன் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா ஒண்ணுமே பேசல. அதான் பயமா இருக்கு," என்றார். வெள்ளிக்கிழமை வந்தது, சிபாரிசு எழுதவில்லை. சித்தப்பா குழுவில் 'இந்த வாரம் படம் இல்லையா?' என்று கேட்டு, கூடவே கும்பிடுகிற கையையும் போட்டிருந்தார். சாமிக்கு நன்றி சொல்கிறாரோ என்னவோ. அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, என்னைப் பற்றிப் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருந்தார். "கல்யாணம் பேசற வீட்டுல போட்டாளே ஒரு படம்! வேற படமா இல்ல ஊருல?" என்று சட்டி விழும்.

சனிக்கிழமை காலை என் கைபேசி அடித்தது. சுரேனின் அம்மா.

"தர்ஷினியா? நாளைக்கு வீட்டுல இருப்பீங்களா?"

"இருப்போம் ஆன்ட்டி." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தப் படம் இன்னும் இருக்கா, இல்ல எடுத்துட்டாங்களா?"

"படமா ஆன்ட்டி?"

"பின்ன? நாங்க பாதியில எழுந்து வந்துட்டோம். அந்தப் பெரியவர எடுக்கவே இல்லயே! ஒரு வாரமா உங்க ஹால்லதான கெடக்குறாரு? பொணத்த நடுவீட்டுல வச்சுக்கிட்டு எப்படிம்மா நல்ல காரியம் பேசறது? மொதல்ல அவர நல்லபடியா எடுத்து முடிக்கணும். அப்புறந்தான் மத்ததெல்லாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப... அன்னிக்கு நீங்க சொல்லிக்காமப் போனது?"

"சாவு வீட்டுல எவளாச்சும் 'வர்றேன்'னு சொல்லுவாளா? உங்க அம்மா நல்லாருக்கணும்னுதான் சொல்லாம வந்தேன். தட்டயும் அதான் எடுத்துக்கிட்டேன். பொணத்துக்கு முன்னால வச்ச தட்ட வச்சா பரிசம் பேசுவாங்க?"

கோபமே இல்லை! முறை தவறாமல் துக்கம் அனுசரித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஒரு வாரத்தில் நான் மெலிந்த எடைக்கு யார் பொறுப்பு?

பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணும் இருக்கும்மா. சுரேனோட தாத்தா தவறினப்ப கொரோனாவுல பார்டர் மூடியிருந்துச்சு. இவரு அந்தப் பக்கம் சிங்கப்பூர்ல மாட்டிக்கிட்டாரு. பெத்த அப்பனோட எடுப்ப போன்லதான் பார்த்தாரு. இங்க தூக்குறப்ப லைன் அறுந்துடுச்சு. அதோட சரி. இன்னிக்கு வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. அன்னிக்கு உங்க வீட்டுலேருந்து வந்ததுலேருந்து, 'அந்த ரெண்டாவது மவன் வந்து சேந்தானா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு தடவ பாதியில நின்னுபோச்சு. இன்னொரு தடவயும் பாதியில விடக்கூடாது."

படங்களைப் பற்றி அவ்வளவு எழுதியவளுக்கு, ஒருவர் ஒரு படத்தை எதற்காகப் பார்க்கிறார் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மழையில்லை. தாய்மாமன் உட்பட எல்லாரும் வந்தார்கள். சுரேனின் அம்மா, "விளக்க இப்ப ஏத்தாதீங்க, எடுத்த பெறகு ஏத்திக்கலாம்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளேயே வந்தார். சுரேனின் அப்பா கண்ணாடியை மறக்காமல் கொண்டுவந்திருந்தார். என்றாலும் என்னையே படித்துச் சொல்லச் சொன்னார். காக் ஸைத்தோனும் கேட்டருகே நின்று, "பெலும் ஹபிஸ்?" என்று கேட்டார். படம் இன்னும் முடியவில்லையா என்கிறார். அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

படத்தில் இரண்டாவது மகன் வந்தான். பனியில் கால் புதைய, ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் வந்துவிட்டான். அண்ணன் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தான். சுரேனின் அப்பா தேம்பினார். பெரிய சத்தமில்லை, தோள்தான் குலுங்கியது. சுரேன் அவர் முதுகில் கை வைத்தார். நானும் வரிகளைப் படிக்க முடியாமல் அழுதேன். பேருந்தில் அழுததெல்லாம் அழுகையே இல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

பெரியவரைத் தூக்கினார்கள். சுரேனின் அம்மா சட்டென்று எழுந்து நின்றார். உடனே தாய்மாமன், என் அப்பா, அம்மா, காக் ஸைத்தோன் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தம்போயில் ஒரு வரிசை வீட்டின் ஹாலில், எந்த நாட்டவர் என்றே தெரியாத ஒருவரை, இரண்டு குடும்பமும் ஓர் அண்டை வீடும் சேர்ந்து நின்று வழியனுப்பினோம்.

டிவியை அணைத்ததும் அம்மா கவலையோடு கேட்டார். "இப்ப எல்லாரும் குளிக்கணுமா சம்பந்தி?" எங்கள் வீட்டில் குளியலறை ஒன்றுதான்.

"சினிமாதானேங்க? அதுக்குப் போயி குளிப்பாங்களா!" என்றார் சுரேனின் அம்மா. "கொஞ்சம் மஞ்சத் தண்ணி தெளிங்க, போதும்."

தெளித்தார்கள். டிவிக்கும் சேர்த்து. விளக்கேற்றினார்கள். புதுத் தட்டு வந்தது. தாய்மாமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். சுரேனின் அம்மா, "சரி," என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து, தெருவுக்கே கேட்கும்படி, "போயிட்டு வர்றோம்!" என்றார்.

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் 'பெரியோர்கள் நிச்சயித்த வண்ணம்' என்ற வரியை யார் வாசித்தாலும் சுரேன், "அதுல முக்கியமான பெரியவர் வெளிநாட்டுக்காரரு, கல்யாணத்துக்கு வர முடியல," என்று சொல்லிச் சொல்லியே மாய்ந்தார். இன்றுவரை சொல்கிறார்.

இப்போதெல்லாம் ஞாயிறு மதியம் உலு திராமில் என் சிபாரிசுப் படம்தான். மாமா கண்ணாடியோடு தயாராக உட்கார்ந்திருப்பார். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எடுப்பாங்களா?" ஆள் செத்தாலும் சரி, படம் நகராவிட்டாலும் சரி, செத்தவரை முறைப்படி எடுத்துவிட்டால் அவருக்கு அது நல்ல படம். குடும்பக் குழுவில் நான் எழுதுவதும் மாறிவிட்டது. ஒளிப்பதிவின் மௌனத்தை விட்டுவிட்டேன். யார் கூட உட்கார்ந்து பார்க்கலாம், எதற்கு அழுகை வரும் என்று எழுதுகிறேன். சித்தப்பாகூடப் பார்க்கிறார்.

போன வாரம் அத்தை தன் தங்கைகளுக்குக் கைபேசியில் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் சமையலறையிலிருந்து கேட்டேன். "நல்ல படம்டி, வெளிநாட்டுப் படம். பேச்சு கம்மி. மூணு சாவு. மூணயும் ஒழுங்கா எடுத்துடுறாங்க, தைரியமாப் பாருங்க."